திருப்பிக் கொடுத்த மன்னிப்பு

"உங்க வீட்ல யாருமே ஸ்கூல் பக்கம் போனதில்ல. நீ கோர்ட்ல நின்னு ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல பேசப்போறியா?"

அப்பா வேலை பார்த்த ஓட்டலின் முதலாளி மனைவி ஒரு கல்யாண வரவேற்பில் என்னிடம் இப்படிக் கேட்டார். அப்போது நான் கல்லூரியில் கடைசி வருடம். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. கையில் கேசரிக் கிண்ணமும் முகத்தில் நிஜமான கவலையும் இருந்தன. அவர் சொன்னதும் பொய்யில்லை. அம்மா பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. அப்பா மதியச் சாப்பாட்டுக்காகச் சில மாதங்கள் போய்விட்டு, கல்யாண வீட்டுச் சமையல்காரர்களோடு கிளம்பிவிட்டவர். எங்கள் இரு பக்கத்துச் சொந்தத்திலும் முதலில் பரீட்சை எழுதியவள் நான்தான். அதை நான் யாரிடமும் தாழ்ந்த குரலில் சொன்னதில்லை.

"ஒன்பது வயசுலேருந்து எனக்கு அதான் வேலை ஆன்ட்டி" என்றேன். அவர் சிரித்தார். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

எனக்கு ஒன்பது வயதானபோது நாங்கள் அமெரிக்காவில், பிஸ்கட்டவே என்ற ஊரில், எட்டுக் கட்டடங்கள் கொண்ட ஓர் அபார்ட்மென்டில் இருந்தோம். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து தோசை மாஸ்டராக அப்பாவை வரவழைத்தவர் ஓட்டல் முதலாளி. விசாவும் அவர் மூலம்தான். அப்பாவுக்குத் தெரிந்த இங்கிலீஷ் ஓட்டல் மெனுவோடு முடிந்துவிடும். அம்மா, வேலைக்குப் போகும் தமிழ் வீட்டார் இருவரின் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொண்டார். அதனால் வங்கி, ஆஸ்பத்திரி, அபார்ட்மென்ட் ஆபீஸ் எல்லாவற்றுக்கும் நான்தான் வாய். அப்பாவுக்குப் பல்வலி வந்தால் வலி அவருக்கு, சொல்வது நான். எனக்கு அதில் ஒரு பெருமை இருந்தது. மற்றப் பிள்ளைகளைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போவார்கள். என்னை என் அப்பா முன்னால் விட்டுப் பின்னால் வருவார்.

எதிர்க் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இங்கிலாந்துக்காரர் ஒருவர் தனியாக இருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மகள் இங்கே பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துகிறாள் என்பதற்காக வந்து தங்கியவர். எப்போதும் தொப்பி. அம்மா அவரைத் தொப்பிக்காரர் என்பார், நான் இங்கிலாந்து அங்கிள் என்பேன். அவருக்கு இரண்டு கதவு தள்ளி ஜப்பான் ஆன்ட்டி. மருந்துக் கம்பெனி ஆய்வகத்தில் வேலை, வீட்டில் அவரும் தனிதான். இருவரும் ஒரே நடைபாதையில் மூன்று வருடமாகப் போய்வந்தும் பேசியதில்லை. அங்கிள் தொப்பியின் விளிம்பைத் தொடுவார். ஆன்ட்டி தலையைக் குனிவார். அங்கிள் மறுபடி தொப்பியைத் தொடுவார், ஆன்ட்டி மறுபடி குனிவார். யார் முதலில் நிறுத்துவது என்று தெரியாமல் இருவரும் கதவுக்குள் போய்ச் சேர்வார்கள்.

அந்தக் குளிர்காலத்துச் சனிக்கிழமை காலை, எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஒரு வளைகாப்பு. ஓட்டலில் இருந்து சாப்பாடு. அப்பா வேனைக் கொண்டுவந்து, நிறுத்துமிடத்துக்கு நடுவே போகும் பாதையில் குறுக்காக நிறுத்தினார். விளக்குகளை மினுக்கவிட்டுவிட்டுச் சாம்பார் அடுக்கோடு மாடிக்கு ஓடினார். அங்கே நிறுத்தக்கூடாது. ஆனால் சாம்பார் ஆறக்கூடாது. வடைத் தட்டுகளுக்குக் காவலாக நான் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

போன மாதம்தான் இப்படி வேறோர் இடத்தில் நிறுத்தியதற்கு வேனுக்கு ஓர் அபராத டிக்கெட் வந்திருந்தது. இன்னொன்று வந்தால் சாவி வேறு ஆளிடம் போகும், வசந்தத்தில் வரும் விசாப் புதுப்பிப்பையும் யோசித்துத்தான் செய்வேன் என்று முதலாளி சொல்லியிருந்தார். அப்பா அதை அம்மாவிடம் சொன்னபோது நான் தூங்குவதாக நினைத்தார்கள். "திரும்பிப் போனா இவ படிப்பு என்னத்துக்கு ஆகும்" என்று மட்டும் அம்மா கேட்டார். அதற்குப் பிறகு நான் நிஜமாகவே தூங்கவில்லை.

அங்கிள் தன் காரைப் பின்னால் எடுத்தார். பாதி வந்ததும் குறுக்கே நின்ற எங்கள் வேனைப் பார்த்தார். பின்கண்ணாடி வழியாக என்னையும் பார்த்தார். அவருடைய வெள்ளைப் புருவம் இரண்டும் மேலே ஏறின. நான் கையை ஆட்டினேன். அவர் எங்கள் மீது மோதாமல் இருக்க ஸ்டியரிங்கை ஒரே வளைப்பாக வளைத்தார். தரையில் பனி உறைந்து கிடந்தது. கார் அவர் சொன்னதைக் கேட்காமல் பக்கவாட்டில் வழுக்கிப்போய், எதிர் வரிசையிலிருந்து அப்போதுதான் பின்னால் வந்துகொண்டிருந்த ஜப்பான் ஆன்ட்டியின் காரில் இடித்தது. ஒரு காரின் விளக்கு உடைந்தது. இன்னொன்றின் பம்பர் ஒரு பக்கம் தொங்கியது.

இருவரும் இறங்கினார்கள். சண்டை வரும் என்று நான் ஜன்னலை இறக்கினேன்.

முழுத் தவறும் என்னுடையது, மன்னிக்க வேண்டும் என்றார் அங்கிள். ஆன்ட்டி இடுப்பு வரை குனிந்து, இல்லை, நான் பார்த்து எடுத்திருக்க வேண்டும், நீங்கள்தான் மன்னிக்க வேண்டும் என்றார். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள் என்று அங்கிள் தொப்பியையே கழற்றிவிட்டார். அவர் கழற்றியதைப் பார்த்து ஆன்ட்டி இன்னும் கீழே குனிந்தார். மூன்று வருடம் பேசாமல் வைத்திருந்த பேச்செல்லாம் அன்றைக்கு மன்னிப்பாகவே வந்துகொண்டிருந்தது. தொங்கிக்கொண்டிருந்த பம்பர் இதற்கிடையில் கீழே விழுந்தது. அதற்கும் இருவரும் ஒரே நேரத்தில் ஸாரி சொன்னார்கள்.

பால்கனியிலிருந்து யாரோ போலீசைக் கூப்பிட்டுவிட்டார்கள். அப்பா காலி அடுக்கோடு இறங்கி வந்தபோது போலீஸ் கார் நின்றிருந்தது. அவர் முகம் மாவு மாதிரி வெளுத்தது. என் பக்கம் வந்து, "பாப்பா, ஸாரி மட்டும் சொல்லிராத. கேட்டதுக்கு மட்டும் சொல்லு" என்றார். ஊரிலிருந்து வந்த எல்லாருக்கும் எல்லாரும் சொல்லிக்கொடுக்கும் பாடம் இது. அமெரிக்காவில் கார் இடித்தால் ஸாரி சொல்லக்கூடாது. சொன்னால் தப்பை ஒத்துக்கொண்டதாக ஆகும், இன்ஷூரன்ஸ்காரன் பிடித்துக்கொள்வான், வக்கீல் வருவான். முதலாளி இதைச் சமையலறையில் எல்லாருக்கும் மனப்பாடம் செய்வித்திருந்தார்.

போலீஸ்காரர் சின்ன வயது. யார் யாரை இடித்தது என்று கேட்டார். நான் என்றார் அங்கிள். நான் என்றார் ஆன்ட்டி. எல்லா இடத்திலும் நான் இல்லை நீ என்று அடித்துக்கொள்பவர்களையே பார்த்திருந்த அவர், பேனாவை எடுத்தவர் எழுதாமலே நின்றார். பிறகு எங்கள் வேனைப் பார்த்தார். இது யாருடையது என்றார். எங்களுடையது என்றேன். இடித்தபோது இது இங்கேதான் நின்றதா என்றார்.

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா அடுக்கின் காதை இறுகப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அங்கிள் இருமினார். "ஆபீசர், நான் பின்னால் பார்க்கவே இல்லை. வயதாகிவிட்டது" என்றார். உடனே ஆன்ட்டி, இல்லை, நான்தான் காத்திருக்க வேண்டும் என்று குனிந்தார். மறுபடி இருவரும் ஆரம்பித்துவிட்டார்கள். போலீஸ்காரர் அவர்கள் இருவருக்கும் ஆளுக்கொரு விவரச் சீட்டைக் கிழித்துக் கொடுத்து, வேனை நகர்த்தச் சொல்லிவிட்டுப் போனார். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பா அன்று ஓட்டலில் தோசையைக் கருகவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

சாயங்காலம் கதவு தட்டப்பட்டது. ஜப்பான் ஆன்ட்டி நின்றிருந்தார். பூப்போட்ட காகிதத்தில் கோணம் பிசகாமல் மடித்துச் சுற்றிய ஓர் இனிப்புப் பெட்டியை இரண்டு கையாலும் நீட்டினார். குழந்தை பயந்திருப்பாள், உங்கள் வேலையும் தாமதமாகியிருக்கும், மன்னிக்க வேண்டும் என்றார். அவர் போன சிறிது நேரத்தில் மறுபடி தட்டல். திறந்தால் ஆளே இல்லை. வாசலில் ஒரு பிஸ்கட் டப்பா, அதன்மேல் ஸாரி என்று எழுதிய துண்டுச் சீட்டு. படியிறங்கி வேகமாக ஓடும் தொப்பி மட்டும் தெரிந்தது.

அப்பா இரண்டையும் பாம்பைப் பார்ப்பது போலப் பார்த்தார். வேனைக் குறுக்கே நிறுத்தியவர் அவர். கார் அடிபட்டவர்கள் வந்து அவரிடம் மன்னிப்புக் கேட்கிறார்கள். இது என்ன விளையாட்டு என்று அவருக்கு விளங்கவில்லை. முதலாளிக்கு போன் செய்தார். யாரோ இரண்டு பேர் இடித்துக்கொண்டார்கள், வேன் பக்கத்தில் நின்றது, இப்போது ஸ்வீட் கொடுக்கிறார்கள் என்கிற அளவில்தான் சொன்னார். முதலாளியின் குரல் எனக்கும் கேட்டது. "மாஸ்டர், தொடாதீங்க. வாங்கிட்டா ஏதோ பேசி முடிச்சிக்கிட்ட மாதிரி ஆயிடும். நாளைக்கே வக்கீல் லெட்டர் வரும். அப்படியே திருப்பிக் கொடுத்துடுங்க."

அம்மாவுக்கு இது பிடிக்கவே இல்லை. "வீடு தேடி வந்து குடுத்ததத் திருப்பி அனுப்புறதா? நம்ம ஊருல மூஞ்சில முழிப்பாகளா?" என்றார். அப்பா இரண்டையும் எடுத்து வாசல் ஓரமாக வைத்தார். மறுநாள் காலை அம்மா இரண்டு பெட்டிகளையும் பிரிக்காமல் என் கையில் கொடுத்தார். ஆனால் ஒரு வீட்டுக்கு எதையாவது அனுப்பும்போது வெறுமனே அனுப்ப அவருக்குக் கை வரவில்லை. வளைகாப்புக்குச் செய்ததில் மிஞ்சிய முறுக்கை இரண்டு பொட்டலமாகக் கட்டி, ஒவ்வொரு பெட்டியின் மேலும் வைத்தார். ஆக, நான் சுமந்துபோனது இதுதான்: உங்கள் மன்னிப்பு எங்களுக்கு வேண்டாம், இந்தாருங்கள் முறுக்கு.

ஜப்பான் ஆன்ட்டி பெட்டியைப் பார்த்தார். மடிப்புக் கலையாத காகிதத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் ஏதோ அணைந்தது. பிறகு முறுக்கைப் பார்த்தார். அது ஒன்றும் புரியாமல், ஒன்பது வயதுப் பெண்ணான எனக்கு ஆழமாகக் குனிந்தார். அங்கிள் டப்பாவை வாங்கிக்கொண்டு, ஆ, சரி, ரொம்ப நன்றி என்று கதவை மெதுவாகச் சாத்தினார். உடனே மறுபடி திறந்து, இந்தச் சுருளை எந்தப் பக்கத்திலிருந்து சாப்பிட ஆரம்பிக்க வேண்டும் என்று கேட்டார். எங்கிருந்து வேண்டுமானாலும் என்றேன். அவருக்கு அந்தச் சுதந்திரம் பிடிக்கவில்லை என்று தோன்றியது.

அன்று மதியம் எங்கள் ஜன்னலிலிருந்து பார்த்தேன். இரண்டு பேரும் பனிக்குவியலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்று வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன பேசினார்கள் என்பது, உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போது வேதியியல் கேட்டுக்கொள்ள ஜப்பான் ஆன்ட்டி வீட்டுக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பெட்டி திரும்பி வந்ததென்றால் மன்னிப்புப் போதவில்லை, இன்னும் பெரிய பெட்டியோடு போக வேண்டும் என்பது ஆன்ட்டியின் கட்சி. திரும்பி வந்ததென்றால் நம்மைப் பார்க்க விரும்பவில்லை, கண்ணில் படாமல் இருப்பதுதான் மரியாதை என்பது அங்கிளின் கட்சி. போகாமல் இருந்தால் நம் பக்கத்தில் நாமே முடித்துக்கொண்டதாகிவிடும் என்றார் ஆன்ட்டி. போய்ப் போய் நின்றால் அடிபட்ட இடத்திலேயே அழுத்துவதாகிவிடும் என்றார் அங்கிள். இரண்டு கட்சிக்கும் குறுக்கே நின்றது முறுக்குதான். மன்னிக்காதவர்கள் எதற்குத் தின்னக் கொடுத்தார்கள்? ஆன்ட்டி அதைத் தொடாமல் கண்ணாடித் தட்டில் வைத்திருந்தாராம். அங்கிள் முழுவதையும் தின்று தீர்த்துவிட்டு, அந்தக் குற்றத்தையும் சேர்த்துச் சுமந்துகொண்டிருந்தாராம். கடைசியில், சேர்ந்து போகலாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். போவதற்கு முன்னால், எப்படிக் குனிவது, எப்படிப் பேச்செடுப்பது என்று ஒருவருக்கொருவர் பாடமும் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

திங்கட்கிழமை ஓட்டலுக்கு விடுமுறை. சாயங்காலம் அப்பா வீட்டில் இருந்தபோது இருவரும் வந்தார்கள். இந்த முறை அங்கிள் ஓடவில்லை. டப்பாவை இரண்டு கையாலும் பிடித்து, தொப்பி விழுந்துவிடுமளவுக்குக் குனிந்தார். ஜப்பான் ஆன்ட்டி கையில் அதே பெட்டியோடு நிமிர்ந்து நின்று, முதல் பேச்சாக, இன்றைக்குக் கொஞ்சம் குளிர்தான், இல்லையா என்றார். பிறகு இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்து, சரியாகச் செய்தோமா என்று கேட்பதுபோலத் தலையசைத்துக்கொண்டார்கள். வாசலில் எங்கள் செருப்புகளைக் கண்டதும் ஆன்ட்டி ஷூவைக் கழற்றினார், அங்கிளுக்கும் கண்ணைக் காட்டினார். அவர் கழற்றினார். ஒரு சாக்ஸின் நுனியில் கட்டைவிரல் எட்டிப் பார்த்தது. அதை மறைக்க அவர் அன்று முழுவதும் ஒரு காலின் மேல் இன்னொரு காலை வைத்திருந்தார்.

அம்மாதான் உட்காரச் சொன்னார். அப்பா எழுந்து நேராக அடுப்புக்குப் போய்க் கல்லை வைத்தார். அவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் யாரும் வாயால் சொல்வதில்லை. அம்மாவோடு சண்டை போட்டால் மறுநாள் அவர் கேட்காமலே நெய் ரோஸ்ட் வரும். அம்மா பேசாமல் சாப்பிடுவார், அதோடு முடிந்தது. விடுமுறை நாளில் அப்பா கல்லைத் தொட்டால் அது பெரிய காரியம்.

தோசை வந்தது. ஆன்ட்டி கண்ணை மூடி ஒரு வாய் தின்றார். அங்கிள் தோசையை உடைப்பதற்கு முன்னால் அதனிடமும் ஏதோ மன்னிப்புக் கேட்டார். இரண்டாவது தோசையைப் போடும்போது அப்பா திரும்பாமலே என்னைக் கூப்பிட்டார்.

"பாப்பா. நான் சொல்றத அப்படியே சொல்லு. வண்டியக் குறுக்க நிறுத்துனது நாந்தான். அங்கன நிறுத்தியிருக்கப்படாது. அதனாலதான் இவுகளுக்கு இப்படி ஆச்சுன்னு சொல்லு."

அம்மாவின் கை சட்னிக் கரண்டியோடு நின்றது. "என்னங்க" என்றார்.

"சொல்லட்டும்" என்றார் அப்பா.

எனக்கு அந்த வாக்கியத்தின் விலை தெரியும். டிக்கெட், சாவி, விசா, என் பள்ளிக்கூடம் எல்லாம் அதற்குப் பின்னால் வரிசையாக நின்றன. ஆனாலும் அப்பா என்னிடம் கொடுத்த சொல்லை நான் அதுவரை மாற்றியதில்லை. ஒரு வார்த்தை விடாமல், என் நான்காம் வகுப்பு இங்கிலீஷில் மிகச் சுத்தமாகச் சொன்னேன். அவர் சொல்லாத ஸாரியையும் சேர்க்கவில்லை.

அங்கிள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஆன்ட்டியைப் பார்த்தார். ஆன்ட்டி தலையை மிக லேசாக அசைத்தார்.

"எந்த வேன்?" என்றார் அங்கிள்.

வெள்ளை வேன் என்றேன். பக்கத்தில் பெரிய தோசைப் படம் போட்டது. அப்படி எதையும் பார்த்த ஞாபகம் இல்லையே என்றார் அவர். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நீங்கள் என்னைப் பார்த்தீர்கள், நான் கைகூட ஆட்டினேன், உங்கள் புருவம் மேலே போனது என்றேன். அவர் சட்னியைத் தொட்டுக்கொண்டு, என் கண் அவ்வளவு நன்றாக இல்லை குட்டி என்றார். நான் ஜப்பான் ஆன்ட்டி பக்கம் திரும்பினேன். அவர் ஆய்வகத்தில் நுண்ணோக்கியில் கிருமிகளைப் பார்க்கிறவர். அவரும், அன்றைக்கு மிகவும் குளிர், கண்ணாடியெல்லாம் மங்கியிருந்தது என்றார்.

"என்ன சொல்றாக?" என்றார் அப்பா.

"வேனையே பாக்கலயாம்ப்பா. ரெண்டு பேரும்."

அப்பா அடுப்புப் பக்கமே திரும்பி நின்றார். கரண்டி மாவில் இருந்தது, கல் காய்ந்து புகைந்தது. அவர் முதுகு இரண்டு முறை ஏறி இறங்கியது. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, புகை என்றார். பிறகு எழுந்துபோய், சனிக்கிழமை வந்த அதே பூப்போட்ட பெட்டியை ஆன்ட்டியிடமிருந்து இரண்டு கையாலும் வாங்கி, எல்லார் முன்னாலும் பிரித்தார்.

அதற்குப் பிறகு அந்த இருவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்து நடந்தார்கள். அங்கிள் குனிவதில் தேறிவிட்டார். ஆன்ட்டி வானிலையைப் பற்றிக் குறைபட்டுக்கொள்வதில் அவரையே மிஞ்சிவிட்டார். அங்கிள் ஊருக்குத் திரும்பிய பிறகும் இருவருக்கும் இடையே பெட்டிகள் கடல் தாண்டிப் போய்வந்தன. யார் கடைசியாகக் கொடுத்தது என்பதில் இருவருக்கும் கடைசி வரை கருத்து வேறுபாடு. அப்பாவின் விசா அந்த வசந்தத்தில் புதுப்பிக்கப்பட்டது. வேதியியல் சொல்லிக்கொடுத்த நாட்களில் பனிக்குவியல் பேச்சைச் சிரித்துச் சிரித்துச் சொன்ன ஆன்ட்டி, வேனைப் பற்றி மட்டும் அப்போதும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்தத் திங்கட்கிழமை இரவு நான் தோற்றுப்போனவளாகப் படுத்தேன். இவ்வளவு தெளிவாகச் சொல்லியும் பெரியவர்கள் இருவர் நம்பவில்லை என்றால் என் இங்கிலீஷ்தான் போதவில்லை என்று முடிவு செய்தேன். மறுநாள் பள்ளி நூலகத்தில் என்னால் தூக்க முடிந்ததிலேயே பெரிய புத்தகத்தை எடுத்துவந்தேன். நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அவர்களிடம் அப்படியே போய்ச் சேர்ந்திருந்தது என்பதும், சேர்ந்ததால்தான் அவர்கள் அப்படிப் பதில் சொன்னார்கள் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. ஒரு மனிதர் சொல்ல முடியாத சொல்லை, வேறு இரண்டு நாட்டுக்காரர்கள் அவரிடம் கேட்காமலே வாங்கிக்கொண்டுவிட்டார்கள் என்பதும் தெரியாது.

நீதிமன்ற மொழிபெயர்ப்பாளருக்கான எழுத்துத் தேர்வையும் வாய்மொழித் தேர்வையும் இந்த வருடத் தொடக்கத்தில் முடித்தேன். போன செவ்வாய்க்கிழமை காலை, நீதிமன்றத்தில் தமிழ் மட்டுமே தெரிந்த ஒரு பெண்மணியின் பக்கத்தில் நின்று, எதையும் கூட்டாமல் குறைக்காமல் சொல்வேன் என்று வலது கையை உயர்த்தி உறுதிமொழி எடுத்தேன். நீதிபதி முதல் கேள்வியைக் கேட்டார். நான் அந்த அம்மாவின் பக்கம் திரும்பி, அதைத் தமிழில் சொன்னேன்.